வெளிநாட்டு ஓட்டலுக்கு எழுதுவது எப்படி? புதுச்சேரி, கடலூர் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர் பக்கத்திலிருந்து வெளிநாடு போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்கள், சிங்கப்பூர், மலேசியாவில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் போகிறவர்கள், தாய்லாந்து, வியட்நாம் என்று குடும்பத்தோடு சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்கள். ஓட்டல் விஷயத்தில் இவர்கள் எல்லோருக்கும் வரும் சிக்கல் ஒன்றுதான். நாம் ஒன்று நினைத்திருப்போம், ஓட்டல் கம்ப்யூட்டரில் வேறொன்று பதிவாகியிருக்கும். பெட்டி படுக்கையோடு போய் நிற்கும்போது ரிசப்ஷனில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிவது அந்தப் பதிவு மட்டும்தான். நமக்கு என்ன வேண்டுமோ அதை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே அந்தப் பதிவில் ஏற்றிவிட வேண்டும்.

இணையத்தில் புக் செய்தாலே உறுதியாகிவிடுகிறதே, தனியாக வேறு எழுத வேண்டுமா?

இரண்டு பேர், ஒரு ரூம், பகலில் போய்ச் சேர்கிறீர்கள் என்றால் தேவையில்லை. நள்ளிரவுக்குப் பிறகு போய்ச் சேர்வது, ஒரே ரூமில் மூன்று நான்கு பேர் தங்குவது, கூட முழங்கால் வலிக்காரர் வருவது, பணத்தை வேறொருவர் கட்டுவது, விசாவுக்குக் கடிதம் தேவைப்படுவது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். புக்கிங் பக்கத்தின் கீழே 'சிறப்புக் கோரிக்கை' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எழுதுவதை ஓட்டல் வேண்டுகோளாக மட்டுமே எடுத்துக்கொள்ளும். 'சரி, செய்கிறோம்' என்று எழுத்தில் பதில் வந்தால்தான் நம்பலாம்.

டிராவல் ஏஜென்ட் புக் செய்து கொடுத்திருக்கிறார். ஓட்டலுக்கு எழுதினால் 'உங்கள் பெயரில் எதுவும் இல்லை' என்கிறார்கள். ஏமாந்துவிட்டோமா?

உடனே அப்படி முடிவு கட்ட வேண்டாம். ஊரில் இருக்கும் ஏஜென்ட் பெரும்பாலும் ஓட்டலிடம் நேரடியாக ரூம் வாங்குவதில்லை. மொத்தமாக ரூம் எடுத்து விற்கும் இடைநிறுவனத்திடம் வாங்குகிறார். உங்கள் வவுச்சரில் இருப்பது அந்த இடைநிறுவனத்தின் எண். அதை ஓட்டல் கம்ப்யூட்டரில் போட்டால் ஒன்றும் வராமல் போகலாம். சில நேரம் விருந்தினர் பெயர்ப் பட்டியலே வருகைக்குச் சில நாள் முன்புதான் ஓட்டல் கைக்குப் போகும்.

ஏஜென்டிடம், "ஓட்டல் தன் கணக்கில் கொடுத்த உறுதி எண் வேண்டும்" என்று தெளிவாகக் கேளுங்கள். அது கிடைத்ததும் ஓட்டலுக்கு எழுதி, பெயர், தேதி, ரூம் வகை, காலை உணவு உண்டா என்ற நான்கையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பும் எண் வரவில்லை என்றால் ஏஜென்டை விடாமல் துரத்துங்கள். மூன்று நாள் இருக்கும்போதும் வரவில்லை என்றால் அவர் எதிரிலேயே உட்கார்ந்து ஓட்டலுக்குப் போன் போடச் சொல்லுங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஏஜென்ட் வழியாக எடுத்த ரூமில் தேதியை மாற்றவோ பணத்தைத் திருப்பவோ ஓட்டல் உங்களோடு பேசாது, ஏஜென்டைக் கைகாட்டும். பணம் வாங்கியவர் அவர்தானே. படுக்கை, மாடி, வரும் நேரம் போன்ற விஷயங்களை மட்டும் நேரடியாகப் பேசலாம்.

ஈமெயிலா, போனா, வாட்ஸ்அப்பா?

எழுத்தில் இருப்பதே பின்னால் கைகொடுக்கும் என்பதால் ஈமெயில்தான் முதல் வழி. சிங்கப்பூர், மலேசியாவில் பல ஓட்டல்கள் வாட்ஸ்அப்பில் சீக்கிரம் பதில் போடும். தாய்லாந்திலும் ஜப்பானிலும் லைன் செயலியும், வியட்நாமில் ஜாலோவும் அதிகம் புழங்குகின்றன. புக்கிங் தளத்துக்குள்ளேயே செய்தி அனுப்பும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். தகராறு வந்தால் தளத்துக்காரர்கள் அந்தப் பதிவைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

ஈமெயில் போட்டு இரண்டு வேலை நாள் ஆகியும் பதில் இல்லை என்றால் போன் செய்யலாம். ஓட்டலில் காலை நேரம் முழுக்க ரூம் காலி செய்கிறவர்கள் கூட்டம், மாலை முழுக்கப் புதிதாக வருகிறவர்கள் கூட்டம். அந்த ஊர் மணிக்குப் பகல் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் கூப்பிட்டால் பொறுமையாகப் பேசுவார்கள். பாரிஸ் கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரம் மாறும் நாட்கள். சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், தாய்லாந்தும் வியட்நாமும் ஒன்றரை மணி நேரம் முன்னால். பாரிஸுக்குக் கோடையில் நம்மூர் மாலை நாலரையிலிருந்து ஆறரை வரை சரியான நேரம்.

பிரான்ஸ் எண் 0-வில் தொடங்கினால் 33 போட்டுவிட்டு அந்த 0-வை எடுத்துவிட வேண்டும். இத்தாலியில் இதற்கு நேர்மாறு. அங்கே லேண்ட்லைன் எண்ணில் 39-க்குப் பிறகும் அந்த 0 இருக்க வேண்டும். போன் பேசி முடித்ததும், 'இன்று இந்த நேரத்தில் இன்னாரிடம் பேசினோம், இதை ஒப்புக்கொண்டார்' என்று ஒரு ஈமெயில் போட்டுவிடுங்கள்.

கடிதத்தில் என்ன எழுதுவது, எந்த வரிசையில் எழுதுவது?

படிக்கிறவர் ரிசப்ஷனில் நின்றுகொண்டு, நடுவில் இரண்டு போன் எடுத்துக்கொண்டு படிப்பார். அதனால் தலைப்பு வரியிலேயே புக்கிங் எண், பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், வரும் தேதி மூன்றும் இருக்கட்டும். உள்ளே இப்படி எழுதினால் போதும். ஆங்கிலத்திலும் இதே போலச் சின்னச் சின்ன வாக்கியங்களாக இருக்கட்டும்.

"வணக்கம். 2026 ஜூன் 12 வெள்ளிக்கிழமை வருகிறோம். ஜூன் 16 செவ்வாய்க்கிழமை கிளம்புகிறோம். 4 இரவுகள், 2 ரூம்கள். பெரியவர்கள் 3 பேர், 9 வயதுச் சிறுவன் ஒருவன்.
1. ஒரு ரூமில் இரண்டு தனிப் படுக்கை தர முடியுமா?
2. லிஃப்ட் எங்கள் மாடி வரை வருமா?
3. இரவு 11 மணிக்கு வருவோம். அப்போது ரிசப்ஷனில் ஆள் இருப்பார்களா?
ஒவ்வொரு எண்ணுக்கும் பதில் போடுங்கள். நன்றி."

கேள்விகளுக்கு எண் போடுவது முக்கியம். பத்தியாக எழுதினால் முதல் கேள்விக்கு மட்டும் பதில் வரும், மற்றவை அப்படியே நின்றுவிடும். ஒரே ஈமெயிலில் நான்கு கேள்விக்கு மேல் போகாதீர்கள். தேதியில் மாதத்தைப் பெயராக எழுதுங்கள். 05/06 என்று போட்டால் நமக்கு ஜூன் 5, அமெரிக்க முறையில் படிப்பவருக்கு மே 6. கிழமையையும் சேர்த்துவிட்டால் தேதி தப்பாக இருந்தாலும் படிக்கிறவர் கண்டுபிடித்துத் திருப்பிக் கேட்பார்.

மொழிபெயர்ப்புச் செயலியில் போடுவதாக இருந்தால் யார், என்ன, எப்போது என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். 'கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க' போன்றவை செயலியில் சிதைந்துபோகும். வந்த மொழிபெயர்ப்பை மறுபடி தமிழுக்கு மாற்றிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பிரான்ஸ் ஓட்டலுக்குப் பிரெஞ்சில்தான் எழுத வேண்டுமா?

கட்டாயமில்லை. பெரிய ஊர்களில் ஆங்கிலம் போதும். ஐந்தாறு ரூம் மட்டும் உள்ள, குடும்பமே நடத்தும் சிறிய விடுதிகளில் பிரெஞ்சுக் கடிதத்துக்குப் பதில் சீக்கிரம் வரும். புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டிய நிலை இல்லையே, ஒருமுறை காட்டிவிட்டு அனுப்புங்கள். எந்த மொழியில் எழுதினாலும், நேரில் பேசினாலும், 'போன்ழூர்' (வணக்கம்) என்று தொடங்காமல் நேராகக் கேள்விக்குப் போவது பிரெஞ்சுக்காரர்களுக்கு மரியாதைக் குறைவாகப் படும்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லை, இனிஷியல்தான். புக்கிங்கில் இரண்டு பெயர் கேட்கிறார்களே?

விமான டிக்கெட்டில் எப்படிப் போட்டீர்களோ அப்படியே ஓட்டலிலும் போடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. 'எஸ்' என்று ஒற்றை எழுத்தை மட்டும் போடாதீர்கள், பாஸ்போர்ட்டில் உள்ளபடி விரித்து எழுதுங்கள். ரிசப்ஷனில் சர்நேம் வைத்துத்தான் தேடுவார்கள். நம் விஷயத்தில் அது அப்பா பெயராகவோ நம் பெயரே இரண்டாவது முறையாகவோ பதிவாகியிருக்கும். பெயர் கிடைக்கவில்லை என்றால் புக்கிங் எண்ணைக் காட்டுங்கள்.

துபாய் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வதாகப் பிறகு தளர்த்தினார்கள். ரூமுக்குப் பணம் கட்டும் முன்பே ஏர்லைன்ஸிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

சென்னையிலிருந்து ராத்திரி விமானம், விடியற்காலை போய்ச் சேருகிறோம். எந்தத் தேதிக்கு ரூம் போடுவது?

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. ஓட்டல் கணக்கில் ஓர் 'இரவு' என்பது பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத் தொடங்கி மறுநாள் 11 அல்லது 12 மணிக்கு முடிவது. ஜூன் 11 இரவு பதினொன்றரைக்குச் சென்னையில் கிளம்பும் விமானம் சிங்கப்பூரில் 12-ஆம் தேதி காலை ஆறு மணி சுமாருக்கு இறங்கும். 12-ஆம் தேதியிலிருந்து ரூம் போட்டிருந்தால் உங்கள் ரூம் தயாராவது அன்று பிற்பகல்தான். அதுவரை எட்டு மணி நேரம் என்ன செய்வது?

குழந்தையோ வயதானவரோ கூட இல்லை என்றால் பெட்டியை ஓட்டலில் வைத்துவிட்டு ஊர் சுற்றலாம். பெரும்பாலான ஓட்டல்கள் இதற்குக் காசு வாங்குவதில்லை. முன்கூட்டியே ரூம் தர முடியுமா, எவ்வளவு கூடுதல் கட்டணம் என்று இரண்டு நாள் முன்பு எழுதிக் கேட்கலாம். முதல் நாள் ஓட்டல் நிரம்பியிருந்தால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. வந்து இறங்கியதும் படுத்தே ஆக வேண்டும் என்றால் 11-ஆம் தேதியிலிருந்தே ரூம் எடுங்கள்.

அப்படி எடுத்துவிட்டு ஓட்டலுக்குச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். 11-ஆம் தேதி இரவு ஆள் வரவில்லை என்றால் 'விருந்தினர் வரவில்லை' என்று குறித்து, மீதி நாட்களுக்கான புக்கிங்கையும் சேர்த்து ரத்து செய்யும் ஓட்டல்கள் உண்டு, முதல் இரவுக் காசும் போய்விடும். "எங்கள் புக்கிங் 11-ஆம் தேதி தொடங்குகிறது. நாங்கள் 12-ஆம் தேதி காலை 7.30-க்கு வருவோம். வரவில்லை என்று குறிக்க வேண்டாம்" என்று விமான எண்ணோடு எழுதுங்கள், பதிலை வாங்கி வையுங்கள். நள்ளிரவு பன்னிரண்டரைக்குக் கோலாலம்பூரில் இறங்குகிறவர்களுக்கும் இதே கணக்குதான். டிக்கெட்டில் 12 என்று இருக்கும், ரூம் 11-க்குத் தேவை.

ஐரோப்பாவில் சிறிய ஓட்டல்கள் பல இரவு எட்டு, பத்து மணிக்கு ரிசப்ஷனை மூடிவிடும். தாமதமாக வந்தால் கதவுக்கு ரகசிய எண் தருவார்கள், அல்லது சாவியைப் பெட்டியில் வைப்பார்கள். அந்த எண்ணைக் கிளம்பும் முன்பே வாங்கித் தாளில் எழுதி வையுங்கள். அங்கே இறங்கியதும் போனில் நெட் வேலை செய்யும் என்று நம்பியிருக்க முடியாது.

நாங்கள் நான்கு பேர். ஒரே ரூமில் சமாளித்துக்கொள்ளலாமா?

நம்மூர் போலக் கீழே பாய் விரித்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். தீப்பாதுகாப்பு விதிப்படி ஒரு ரூமில் இத்தனை பேர் என்று வரம்பு இருக்கும், குழந்தையும் அதில் ஒரு தலை. இரண்டு பேர் என்று போட்டுவிட்டு மூன்று பேராகப் போனால் கூடுதல் ரூம் எடுக்கச் சொல்வார்கள், அதுவும் அன்றைய விலையில். ஜப்பானில் பல இடங்களில் விலையே தலைக்கு இவ்வளவு என்ற கணக்குதான். குழந்தையின் வயதைத் தங்கும் நாளில் என்ன வயதோ அதன்படி எழுதுங்கள், இடையில் பிறந்தநாள் வந்தால் கட்டணம் மாறலாம்.

படுக்கை வகையையும் உறுதி செய்யுங்கள். 'டபுள்' என்றால் ஒரே பெரிய கட்டில், 'ட்வின்' என்றால் இரண்டு தனிக் கட்டில். அப்பாவும் மகனும் ஒரு ரூமில், அம்மாவும் மகளும் ஒரு ரூமில் என்று போகும் குடும்பங்கள் 'ட்வின்' என்று எழுத்தில் வாங்காமல் விடக் கூடாது.

வயதான அப்பா அம்மாவுக்கு என்ன கேட்டு வைக்க வேண்டும்?

லிஃப்ட் உண்டா என்று மட்டும் கேட்டால் போதாது. பாரிஸின் பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்கும், ஆனால் அதற்கு முன்னால் ஐந்தாறு படி இருக்கும், லிஃப்டுக்குள் ஒரு பெட்டியும் ஒரு ஆளும்தான் கொள்ளும். 'தெருவிலிருந்து ரூம் கதவு வரை எத்தனை படி ஏற வேண்டும்?' என்று கேளுங்கள். அடுத்தது குளியலறை. பாத்டப்பின் உயரமான விளிம்பைத் தாண்டி உள்ளே போவது முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆபத்து, 'தரையோடு ஷவர் உள்ள ரூம்' என்று கேளுங்கள். டாய்லெட்டில் கையால் பிடிக்கும் தண்ணீர்க் குழாய் தாய்லாந்திலும் மலேசியாவிலும் பரவலாக உண்டு, பிரான்சில் அரிது. ஒரு சிறிய பிளாஸ்டிக் குவளையை எடுத்துப் போவதே நல்லது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று எப்படிக் கேட்பது?

சாப்பிடாதவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: இறைச்சி, கோழி, மீன், இறால், முட்டை, மீன் சாஸ், இறைச்சி வேகவைத்த சாறு. தாய்லாந்து, வியட்நாமில் மீன் சாஸும், ஜப்பானில் மீனில் எடுத்த சாறும் காய்கறி உணவிலேயே கலந்துவிடும், சமைப்பவர் அதை அசைவமாக நினைக்க மாட்டார். ஐரோப்பாவில் முட்டை சைவத்தில் சேர்ந்ததுதான்.

சொந்தமாகச் சமைப்பதாக இருந்தால் சமையல் வசதியுள்ள அபார்ட்மென்ட் ஓட்டலாகப் பாருங்கள். சாதாரண ரூமில் ரைஸ் குக்கர் போட்டால் புகை அலாரம் அடிக்கும், அபராதமும் போடுவார்கள். வெந்நீர்க் கெட்டில் உண்டா என்றும் கேளுங்கள், ஐரோப்பாவில் எல்லா ரூமிலும் இருக்காது. நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களையும் இறைச்சியையும் நம் நாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் பெட்டியில் கொண்டுபோக அனுமதி இல்லை. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி வகையறா எடுத்துக்கொள்ளுங்கள்.

சொன்ன விலைக்கு மேல் ஏன் பணம் கேட்கிறார்கள்?

சிங்கப்பூரில் விலைக்குப் பக்கத்தில் '++' என்று இருந்தால் 10% சேவைக் கட்டணமும் அதற்கு மேல் 9% ஜிஎஸ்டியும் சேரும். 100 டாலர் ரூம் கடைசியில் 119.90 ஆகும். மலேசியாவில் வெளிநாட்டவருக்கு ரூமுக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. பிரான்சில் ஊர் வரி தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவார்கள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கிடையாது. 'எல்லா வரியும் சேர்த்து நாங்கள் கொடுக்க வேண்டிய மொத்தம் எவ்வளவு, அதில் அங்கே வந்து கட்ட வேண்டியது எவ்வளவு?' என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள்.

இலவசமாக ரத்து செய்யும் கடைசி நேரம் ஓட்டல் இருக்கும் ஊரின் மணிப்படிதான். மாலை 6 மணி என்று போட்டிருந்தால் கோடையில் பாரிஸுக்கு நம்மூர் இரவு ஒன்பதரை, டோக்கியோவுக்கு நம்மூர் பிற்பகல் இரண்டரை. கிழக்கே போகிறவர்கள்தான் இதில் அதிகம் நஷ்டப்படுகிறார்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் தன் கார்டில் பணம் கட்டுகிறான். தங்கப்போவது நாங்கள். பிரச்சினை வருமா?

சொல்லி வைக்காவிட்டால் வரும். கார்டு யாருடையதோ அவரும் கார்டும் நேரில் வேண்டும் என்று பல ஓட்டல்கள் கேட்கும். மகன் முன்பே ஓட்டலுக்கு எழுதி, வேறொருவருக்காகப் பணம் கட்டுவதற்கான ஒப்புதல் படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். ரூம் வாடகைக்கு மட்டுமா, சாப்பாட்டுச் செலவுக்கும் சேர்த்தா என்று அதிலேயே குறிக்கலாம்.

வாடகை முழுக்கக் கட்டியிருந்தாலும் டெபாசிட் என்று ஒரு தொகையை உங்கள் கார்டில் பிடித்து வைப்பார்கள். அதற்குக் கிரெடிட் கார்டு கொடுங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் சேமிப்புக் கணக்குப் பணமே முடங்கும், விடுபடப் பல நாள் ஆகலாம். புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும், வங்கிச் செயலியில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். மெஷின் 'ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா' என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தைத் தேர்ந்தெடுங்கள், ரூபாய் என்றால் அவர்கள் வைத்த மாற்று விகிதம்தான்.

விசாவுக்கு ஓட்டல் கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குத் தங்கும் எல்லா இரவுக்கும் இடம் காட்ட வேண்டும், நடுவில் ஓர் இரவு விட்டுப்போனாலும் கேள்வி வரும். புக்கிங் செய்தவர் பெயர் மட்டும் அச்சாகும் கடிதம் குடும்பத்துக்குப் போதாது. எல்லோர் பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி சேர்த்து, ஓட்டல் முகவரி, போன் எண்ணோடு அனுப்பச் சொல்லுங்கள். முதல் ஐந்து நாள் அண்ணன் வீட்டில், பிறகு ஓட்டலில் என்றால், அந்த ஐந்து நாளுக்கு அண்ணன் தன் ஊர் மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) வாங்கும் வரவேற்புச் சான்று வேண்டும். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய ரூமாகவே எடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு போலிப் புக்கிங் அச்சடித்துத் தருகிறவர்களை நாடாதீர்கள். தூதரகம் ஓட்டலைக் கூப்பிட்டுக் கேட்டால் அதோடு விண்ணப்பம் கெட்டது.

'கார்டை 24 மணி நேரத்துக்குள் சரிபார்க்காவிட்டால் புக்கிங் ரத்து' என்று செய்தி வந்திருக்கிறது. என்ன செய்வது?

லிங்கைத் தொடாதீர்கள். ஓட்டல்களின் கணக்குக்குள் புகுந்து, உண்மையான பெயர், தேதியோடு புக்கிங் தளத்தின் செய்திப் பெட்டி வழியாகவே இப்படி அனுப்பும் மோசடி உலகம் முழுக்க நடக்கிறது. விவரமெல்லாம் சரியாக இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. ஓட்டலின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்குக் கூப்பிட்டு, அவர்கள்தான் கேட்டார்களா என்று உறுதி செய்யுங்கள். கார்டின் போட்டோவையோ பின்பக்க சிவிவி எண்ணையோ ஈமெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஓடிபி வரவில்லையே, பணம் போகாது என்றும் இருந்துவிடாதீர்கள். வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி இல்லாமலே பணம் எடுக்க முடியும்.

ஏற்கெனவே விவரம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் முதலில் வங்கிச் செயலியில் கார்டை முடக்குங்கள். அடுத்து வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, நம் தவறு இல்லாமல் நடந்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நஷ்டம் நம் தலையில் விழாது. நாமே விவரத்தைக் கொடுத்திருந்தால், வங்கியிடம் சொல்லும்வரை போன பணம் நம் நஷ்டம்தான், சொன்ன பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு. அதனால் நாள் கணக்குப் பார்க்காமல் அந்த நிமிடமே சொல்லுங்கள், கூடவே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் கூப்பிடுங்கள். பிறகு ஓட்டலுக்கும் எழுதி, உங்கள் உண்மையான புக்கிங் அப்படியே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.